கழிக்கரை நடையில் கடைசி ஆள்

புதிதாகச் சங்கத்தில் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் ஏழு பேரும் வீராம்பட்டினத்துக்கு வந்து, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துவிட்டுப் போனீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். மத்தியானம் முழுக்க இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது, அதனால் அவசரமும் கிடையாது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எந்தப் பறவைக்கு என்ன பெயர், எந்த மனுவை எந்த ஆபீசில் கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. ஆட்களைக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு நடக்கிற வேலையில், எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில்தான் நான் தவறினேன்.

இருபது வருஷத்துக்கு மேல் மீன் கூடை சுமந்து டவுனுக்குப் போனவள் நான். கடற்கரைத் தெரு வெள்ளைச் சுவர் வீடுகளிலிருந்து கருவடிக்குப்பம் கடைசி வீடு வரைக்கும் என் குரல் தெரியும். ஆனால் எல்லா வீட்டிலும் என் இடம் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான். பெயரும் ஒரே பெயர்தான், மீன்காரம்மா. சுனாமி வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு மூத்தவன் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போனான். இளையவன் பெண்டாட்டி ஊரோடு தங்கிவிட்டான். எனக்கும் கூடையைத் தூக்க மனசு வரவில்லை. நான்கைந்து மாதம் ஒருவரோடும் பேசாமல் இருந்தேன். பேச ஆள் வந்தால்தானே பேசுவது.

அப்போதுதான் டீச்சர் என்னைத் தேடி வந்தார். கருவடிக்குப்பத்தில் வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் என்னிடம் மீன் வாங்கியவர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, ஊருக்கும் கடலுக்கும் நடுவில், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழியை மண் கொட்டித் தூர்த்து, ரோடு போட்டு மனை பிரிக்கப்போகிறார்கள் என்று சேதி. அதைத் தடுக்கப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து டீச்சர் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். மனு எழுதினால் மட்டும் போதாது, டவுன் ஜனங்கள் காலால் நடந்து அந்தக் கழியைப் பார்க்க வேண்டும், பார்த்தவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மார்கழியும் தையும் வெயில் ஏறாத மாதங்கள். அந்த இரண்டு மாதமும் ஞாயிறு காலையில் கூட்டமாக நடப்பது என்று முடிவு செய்தார்கள்.

"ஏம்மா, கழிக்குள்ள வழி தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"மட்டி பொறுக்குன கழி டீச்சர். கண்ணை மூடிக்கினு போவேன்" என்றேன்.

முதல் ஞாயிறு தவளக்குப்பம் ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பதினாறு பேர் நின்றார்கள். நம் ஊர்ப் பனிக்கு ஸ்வெட்டர், மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் வெறும் உடம்போடு கட்டுமரம் தள்ளிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பதினாறு பேரில் ஒருவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எழுபது வயதிலும் முதுகு வளையாதவர். வரிசையை அவர்தான் போட்டார். நான் முன்னால் போய் நின்றேன். அவர் தடியால் பின்பக்கம் காட்டினார்.

"முன்னால நடக்கிறதுக்குக் காலு இருந்தா போதும். கடைசில வர்ற ஆளுக்குத்தான் மூளை வேணும். மதாம் கடைசில வரட்டும்."

வெள்ளைக்காரச் சீமாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி மதாம் என்று அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் அதை எனக்கு உரியதாகவே வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் கடைசி ஆள். நடை முடிந்து சவுக்குத் தோப்புக்கு வந்ததும் அவர் கேட்பார், "மதாம், எல்லாரும் உசுரோட வந்தாச்சா?" துரையைக் கூப்பிடுகிற பிரெஞ்சு வார்த்தை போட்டு நான் சொல்வேன், "ஒரு உசுரும் குறையல மிசியே." அதைக் கேட்டுவிட்டுத்தான் பிளாஸ்கைத் திறப்பார்கள். இருபது வருஷம் நான் வாசலில் நின்று விற்ற வீட்டு ஆட்கள், அவர்கள் குடிக்கிற பிளாஸ்க் மூடியிலேயே டீ ஊற்றி என் கையில் கொடுத்தார்கள். அந்த மூடியின் சூடு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட முடியாது. சனிக்கிழமை சாயங்காலமே புடவையைத் துவைத்து மடித்து வைக்கிறவளாக ஆனேன்.

ஆள் எண்ணுவதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மீன்காரிக்கு எண்ணிக்கை கூறு கணக்கில்தான் வரும். ஐந்து மீன் ஒரு கூறு. கண்ணால் பார்த்தே கூறு போட்டுவிடுவேன். கூறில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வாங்குகிறவளும் நானும் பேசித் தீர்த்துக்கொள்வோம். ஆட்கள் நாற்பது ஆகிவிட்ட ஒரு ஞாயிறு, அதே பழக்கத்தில் "எட்டுக் கூறு வந்தாச்சு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சொல்தாவிடம் தலையாட்டிவிட்டேன். டீ பாதி குடிக்கும்போது ஒரு பெண் எழுந்து, "எங்க அப்பா எங்க?" என்றாள். தாழம்புதர் பக்கம் ஒதுங்கிய மனுஷன், பின்னால் தண்ணீர் ஏறி வழி மூடியதும் ஒரு மேட்டில் நின்றிருக்கிறார். நான் ஓடிப் போய் இடுப்பளவு தண்ணீரில் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நல்ல காத்துதாம்மா அங்க" என்றார். சொல்தாதான் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "மனுஷன் கூறு இல்ல மதாம்." அதற்குப் பிறகு நான் ஆட்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் எண்ணினேன்.

பறவைகளைக் கூறு போட்டே எண்ணினேன். அதற்கு அது போதும். யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. கடைசியில் வருகிறவளுக்குப் பேச்சுத் துணை இருக்காது. முன்னால் போகிறவர்கள் பேச்சுச் சத்தம் காற்றில் கலைந்துதான் வரும். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வழியில் கிடக்கும் மட்டி ஓட்டைப் பொறுக்கி, ஒரு கூறு பறவைக்கு ஒரு ஓடு என்று இடுப்பில் இருக்கும் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டே வருவேன். உள்ளான்கள் சேற்றில் பரபரவென்று ஓடும். ஆலாக்கள் மணல் திட்டில் ஒரே பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருக்கும். முதல் பனிக்காலம் ஒவ்வொரு ஞாயிறும் பை நிறைந்து, மீதி ஓட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

இரண்டாம் பனிக்காலம் ஆட்கள் அறுபது பேருக்கு மேல் ஆனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், பனிக்கு டவுனுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் நான்கைந்து பேர். என் பை முக்கால்தான் நிறைந்தது. மூன்றாம் பனிக்காலம் நூறைத் தாண்டிவிட்டது. டீச்சர் மெகாபோன் வாங்கினார். பையில் அடியில் மட்டும் ஓடு கிடந்தது. நடக்கும்போது குலுங்கிச் சத்தம் போட்டது, அவ்வளவு குறைவு.

எனக்குப் புரிந்துவிட்டது. நமக்கு நடக்க நல்ல மாதமும் அதுகளுக்கு இரை தேட நல்ல மாதமும் ஒன்றேதான். எங்கிருந்தோ பறந்து வந்து களைத்துப் போய் இறங்குகிற உயிர்கள். நாம் கரையில் வரிசையாக வந்ததும் எழும்பும், சுற்றும், இறங்கும். மறுபடி நாம் திரும்பி வருவோம், மறுபடி எழும்பும். எத்தனை ஞாயிறு பொறுக்கும்?

டீச்சரிடம் ஒரு நாள் சொன்னேன். தோப்பில் எல்லாரும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நேரம்.

"டீச்சர், பறவை விலகிப் போவுது. ஆள் ஜாஸ்தியா இருக்குது போல."

"ஆள் இருந்தாத்தாம்மா கவர்மெண்ட் காது குடுக்கும். பத்து கையெழுத்தும் ஆயிரம் கையெழுத்தும் ஒண்ணா?" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "அடுத்த வாரம் காலேஜ் பசங்க வர்றாங்க, நீ கொஞ்சம் சீக்கிரம் வந்துடு" என்றார்.

நான் சரி என்றேன். டீச்சரின் படிப்புக்கு முன்னால் நான் என்ன பேசுவது என்று நினைத்து அடங்கிவிட்டேன் என்று உங்களிடம் சொன்னால் நம்புவீர்கள். அது பாதிதான். நூறு பேரில் பாதிப்பேர் போகும்போது, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாரத்தில் ஆறு நாள் என் வீட்டில் என் இருமல் சத்தம்தான் கேட்கும். கூட்டத்தைக் குறையுங்கள் என்று நான் எந்த வாயால் உரக்கச் சொல்வது? பேருக்குச் சொன்னேன், டீச்சர் காதில் ஏறும்படி சொல்லவில்லை.

அந்தத் தை மாதக் கடைசியில் கழியைப் பார்த்து அறிக்கை எழுத ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் எழுதுவதை வைத்துத்தான் தூர்ப்பதா வேண்டாமா என்று முடிவாகும். டீச்சர் மூன்று நாள் தூங்கவில்லை. எவ்வளவு ஜனம் இந்தக் கழியை நேசிக்கிறது என்று காட்ட வேண்டும் என்று ஊரெல்லாம் ஆள் அனுப்பினார். அன்று காலை வந்தது நூற்று நாற்பது பேர். பேனர் வேறு. நான் ஒவ்வொரு முகமாக எண்ணினேன்.

அதிகாரி ஒல்லியான மனுஷர், அதிகம் பேசாதவர், நம் பக்கத்துத் தமிழ்தான். அவரோடு தூர்க்க நினைத்தவர்கள் தரப்பில் ஓர் ஆள் பைலோடு வந்திருந்தார். டீச்சர் முன்னால் விளக்கிக்கொண்டே போனார். வளைவு திரும்பி மணல் திட்டு தெரிகிற இடத்துக்கு வந்து நின்றார்கள். கடைசியில் வந்த எனக்கு, முன்னால் பேச்சு நின்றது தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனேன்.

திட்டு வெறுமையாக இருந்தது. சேற்றில் ஒரு கால்தடம் இல்லை. ஒரே ஒரு கொக்கு நின்றது, அதுவும் எங்களைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனது.

பைல்காரர் சிரித்தார். "சார், இது சும்மா கெடக்கிற சேத்து நிலம். பறவை சரணாலயம்னு மனு மேல மனு. எங்க சார் பறவை?"

கூட்டத்தில் ஒருவர் காற்று சரியில்லை என்றார். இன்னொருவர் நேற்றுகூட ஆயிரக்கணக்கில் பார்த்ததாகச் சொன்னார். நேற்று நடையே கிடையாது. "வழக்கமா இருக்கும் சார். காத்துதான்" என்று டீச்சரும் சொன்னார். பொய் சொல்லிப் பழகாதவர். அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டே. பேசாமல் இருந்தால் கழி போகும், அடுத்த ஞாயிறு இவர்கள் எல்லாரும் என்னோடு இருப்பார்கள், கொஞ்ச நாளுக்காவது. பேசினால் இவர்கள் போவார்கள். சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அன்று ஒரு ஓடுகூட விழவில்லை.

"சார், காத்து இல்ல" என்றேன். "நாங்கதான் வெரட்டிட்டோம்."

அவர் நிமிர்ந்தார். "நாங்கன்னா யாரும்மா?"

"நாங்கதான். மூணு வருஷமா வாராவாரம் நடந்தோம். மொத வருஷம் இந்தப் பை ரொம்பி வழிஞ்சுது. இப்ப பாருங்க." பையைத் தலைகீழாக உதறிக் காட்டினேன். வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது.

"ஏம்மா, என்ன பேசற நீ?" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

பைல்காரர், "அவங்க ஆளே ஒத்துக்கறாங்க சார்" என்றார்.

"பறவை செத்தா போச்சு? எடம் மாறியிருக்குது. எழும்பினா எங்க போவுதுன்னு நான் பார்த்திருக்கேன். அக்கரைல கண்டல் மரத்துக்குப் பின்னால, ஆள் கால் படாத சேறு ஒண்ணு இருக்குது. தண்ணி வத்திக் கெடக்குது, இப்ப போவலாம். ஆனா நீங்க ஒருத்தர்தான் வரணும். இவங்க யாரும் வரக் கூடாது, எங்க டீச்சரும்" என்றேன்.

அதிகாரி என்னையும் தண்ணீரையும் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். பைல்காரரையும் அங்கேயே நிற்கச் சொன்னார்.

நூற்று நாற்பது பேர் கரையில் பார்த்திருக்க, அந்த ஒரு நாள்தான் நான் முன்னால் நடந்தேன். "காலைத் தூக்கி வெக்காதீங்க சார், தேச்சு தேச்சு வாங்க. திருக்கை படுத்திருக்கும், மிதிச்சா முள்ளால குத்தும்" என்றேன். தொடை வரை சேறு. அக்கரை ஏறிக் கண்டல் இலைக்குள் குனிந்து போய், கிளையை ஓரமாகப் பிடித்துக் காட்டினேன்.

சேறே ஊர்ந்து போகிற மாதிரி இருந்தது. அத்தனை உள்ளான். அதற்குப் பின்னால் தண்ணீர் ஓரம் வெள்ளையாக ஆலாக்கூட்டம். நான் உட்கார்ந்து ஓடு பொறுக்க ஆரம்பித்தேன். எவ்வளவு இருக்கும் என்று அவர் காதோடு கேட்டார். "இருங்க சார், எண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன். நான் எண்ணி முடிக்கிறவரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். பை நிறைந்துவிட்டது. அந்தப் பையை அவர் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. அன்று தோப்பில் யாரும் பிளாஸ்கைத் திறக்கவில்லை. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் டீச்சர்."

"சொன்ன. பிஸ்கட் வேணுமான்னு கேக்கிற மாதிரி சொன்ன. இன்னிக்கு இத்தனை பேர் முன்னாடி சொன்ன மாதிரி சொல்லலியே."

பிள்ளைகளே, இந்த நோட்டில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நமக்குப் பிடித்தவர்களிடம் கெட்ட சேதியைச் சொல்லும்போது, அது அவர்கள் காதில் விழாமல் போனால் தேவலை என்கிற மாதிரியே சொல்லுவோம். சொல்லிவிட்டோம் என்ற பெயரும் நமக்கு இருக்கும், அவர்கள் சிநேகமும் இருக்கும். அப்படிச் சொன்னது சொன்னதில் சேராது. இரண்டாம் வருஷமே நான் பையை உதறிக் காட்டியிருந்தால் டீச்சர் கேட்டிருப்பார். கேட்கக்கூடியவர்தான். ஆட்களைப் பாதியாக்கி, வேறு வழியில் கூட்டிப்போய், கழி, கூட்டம் இரண்டையும் காப்பாற்றியிருப்போம். நான் தாமதித்ததால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

கழியைத் தூர்க்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். பனிக்காலம் முழுக்க அந்தக் கரையில் யாரும் கூட்டமாக நடக்கக் கூடாது என்றும் அதே அறிக்கையில் இருந்தது. சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் பலகை நட்டார்கள். நட்ட அன்று சாயங்காலம் நான் தனியாகப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அ, னு, ம, தி என்று ஆரம்பித்து, இல்லை என்று முடிகிற வரைக்கும் வெகு நேரம் ஆனது. என் வாயிலிருந்து போன பேச்சு, தகரத்தில் ஏறி நின்றது.

பறவைகளை எண்ண மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னைத்தான் வைத்தார்கள். முழங்கால் விட்டுப்போகிற வரை பார்த்தேன். டீச்சர் சங்கத்துக்கு வருவதை நிறுத்தி, மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் கிளம்புவதற்கு முன்னால் பார்க்கலாம் என்று நான் கருவடிக்குப்பம் போனேன். கதவு பூட்டியிருந்தது. பழக்கத்தில் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த மார்கழி முதல் ஞாயிறு தவளக்குப்பத்தில் நான் இறங்கினபோது பஸ் நிறுத்தத்தில் சொல்தா மட்டும் நின்றார், தடியும் பிளாஸ்கும். பலகை வரை என்னோடு வந்தார். அதைத் தாண்டவில்லை. "மதாம் போய்ட்டு வாங்க, நான் இங்க ட்யூட்டி" என்றார். நான் உள்ளே போய் எண்ணிவிட்டு வெகுநேரம் கழித்துத் திரும்பினேன். அதே இடத்தில் முதுகு வளையாமல் நின்றிருந்தார்.

"மதாம், எல்லாரும் உசுரோட வந்தாச்சா?"

பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். கழிக்கு மேலே கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு உசுரும் குறையல மிசியே" என்றேன். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி முதலில் என்னிடம் கொடுத்தார். அந்தப் பனிக்காலம் முழுக்க அப்படி வந்தார். அதற்கு அடுத்த பனிக்காலத்துக்கு அவர் இல்லை.

இப்போது நான் பலகை வரைதான் போகிறேன், அதுவும் பனிக்காலத்து ஞாயிறுகளில் மட்டும். அங்கிருந்தே திட்டு தெரியும், கண் இன்னும் கெடவில்லை. ஒரு கூறுக்கு ஒரு ஓடு. பை இப்போது மறுபடி நிறைகிறது, மீதியை முந்தானையில்தான் முடிய வேண்டியிருக்கிறது. எண்ணி முடித்ததும் தவளக்குப்பத்துக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நிற்பேன். கேட்க யாரும் இல்லை என்பதற்காகக் கணக்கு சொல்லாமல் போகிற பழக்கம் எனக்கில்லை. ஒரு உசுரும் குறையல என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.